மூன்று கத்தம் ஓதப்பட்டவள்

செத்தவர்களின் பேரில் ஓதிக் கொடுக்கிற கத்தச் சோற்றை, உயிரோடு இருக்கிற ஒருத்தியின் பேரில் நான் மூன்று முறை தின்றிருக்கிறேன். முதல் இரண்டு முறையும் தெரியாமல் தின்றேன். மூன்றாவது முறை எல்லாம் தெரிந்துகொண்டுதான் போய் உட்கார்ந்தேன். அந்த மூன்றாவது முறையைப் பற்றி எழுதாமல் இத்தனை வருடம் தட்டிக்கழித்து வந்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கல்முனைப் பக்கம், கடலுக்கும் பெருந்தெருவுக்கும் நடுவில் வீட்டோடு வீடு முட்டிக்கொண்டு கிடக்கிற எங்கள் ஊரில் நாங்கள் ஒரு சங்கம் தொடங்கியிருந்தோம். வலது குறைந்தோர் சங்கம் என்று பெயர். தலைவர் சைக்கிள் திருத்துகிறவர். மிதிவெடியில் ஒரு காலைக் கொடுத்தவர். செயலாளர் நான். சிறுவயதில் வந்த இளம்பிள்ளை வாதம் என் வலது காலைச் சூம்பவைத்துவிட்டுப் போயிருந்தது. இரும்புச் சட்டம் பூட்டித்தான் நடப்பேன். எனக்குக் கூட்டாளி ஒருத்தி இருந்தாள், தையல்காரி, பிறவியிலேயே காது கேளாதவள். ஊர் அவளை ஊமை என்றது. அவள் இரண்டு கையாலும் ஊரைத் திட்டுகிற திட்டு புரிந்திருந்தால் ஊர் அப்படிச் சொல்லியிராது.

எங்கள் யாப்பில், சங்கத்தின் சட்டதிட்டத்தில், இரண்டு விதிகளுக்காக நான் சண்டை பிடித்தேன். ஒன்று, கை கால் கண் காது எல்லாம் சரியாக உள்ள எவரும் சங்கத்தில் பதவி வகிக்க முடியாது. இரண்டு, ஒருவர் தன் வாயாலோ கையாலோ தானே சம்மதம் சொன்னால் தவிர, அவர் பெயரை எங்கள் பதிவுக் கொப்பியில் எழுதக் கூடாது. உம்மாவும் வாப்பாவும் நானாமாரும் எங்களுக்காகக் கதைத்துக் கதைத்தே எங்கள் வாயை அடைத்து வைத்திருந்தார்கள். இனி எங்களைப் பற்றி நாங்களே கதைப்போம் என்றேன். எல்லாரும் கை தட்டினார்கள். அந்த இரண்டாவது விதியில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே இருந்தது.

பிரதேச செயலகத்தில் ஒரு பட்டியல் இருந்தது. எங்கள் ஊரில் எங்களைப் போன்றவர்களை அதில் விரல்விட்டு எண்ணிவிடலாம். நடந்துவந்து வரிசையில் நிற்கக் கூடியவர்கள் மட்டும் அதில் இருந்தார்கள். நடக்க முடியாதவர்கள் எப்படி வந்து நிற்பார்கள் என்று யாரும் யோசிக்கவில்லை. ஆகவே வீடு வீடாக நாங்களே போவது என்று முடிவெடுத்தோம். தலைவர் ஆண்பிள்ளை என்பதால் வெளியே ஒழுங்கையில் நிற்பார். நானும் கூட்டாளியும் உள்ளே போவோம்.

"இல்ல மகள், அல்லாஹ் காப்பாத்தினான். எங்கட ஊட்ட அப்பிடி ஆரும் இல்ல."

என் இரும்புக் காலைப் பார்த்துக்கொண்டேதான் இதைச் சொல்வார்கள். எங்கள் முன்னாலேயே அல்லாஹ் தங்களைக் காப்பாற்றிவிட்டான் என்று சொல்கிறவர்களிடம் நாங்கள் தேத்தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு வருவோம்.

அப்படிப் போக இருந்த வீடுகளில் ஒன்றுதான் அது. அந்த வீட்டுக்காரர்கள் யுத்தப் பிரச்சினைக் காலத்தில் நாவிதன்வெளிப் பக்கத்து வயல்காணிகளை விட்டு ஓடிவந்து எங்கள் ஒழுங்கையில் குடியேறியவர்கள். தகப்பன், தாய், கலியாண வயதில் ஒரு மகள். மூத்தவள் ஒருத்தி இருந்தாளாம், பிறந்ததிலிருந்தே கால் இரண்டும் வராதவள், ஓடிவருகிற வழியில் மவுத்தாகிப்போனாள், அங்கேயே அடக்கிவிட்டோம் என்று அந்தத் தாய் வந்த புதிதிலேயே எல்லாரிடமும் சொல்லியிருந்தார். அந்தக் காலத்தில் வழியில் செத்தவர்களைப் பற்றி யாரும் துருவிக் கேட்பதில்லை. கேட்டால் தங்கள் கதையையும் சொல்ல வேண்டி வரும். வருடத்துக்கு ஒருமுறை அந்த மூத்தவளின் பேரில் கத்தம் ஓதி ஒழுங்கைக்கே சோறு கொடுப்பார்கள். இரண்டு வருடமும் நான் போயிருந்தேன். பெண்கள் உள்ளறையில் பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகத் தின்போம். நல்ல இறைச்சி ஆணம், கெட்டிக் குழம்பு.

கொப்பியோடு போன அன்று அந்தத் தாய் எங்களை அதே உள்ளறையில் பாய் போட்டு இருத்தினார். உட்கார்ந்ததும் அவர் செய்த முதல் வேலை றேடியோவைச் சத்தமாக வைத்ததுதான். எங்கள் கேள்வி எங்களுக்கே கேட்கவில்லை.

"மூத்தவ ஒருத்திதான் மகள் அப்பிடி இருந்தா. அவவும் மவுத்தாப் பெய்த்தா. ஒனக்குத் தெரியும்தானே" என்று கத்திச் சொன்னார்.

எனக்குத் தெரியும். எழும்பலாம் என்று கூட்டாளியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தவள், முதுகை எடுத்துவிட்டு, திரும்பி, உள்ளங்கையைச் சுவரில் வைத்துக்கொண்டிருந்தாள். தாய் அந்தக் கையைப் பார்த்தார். பார்த்தவுடன் எழும்பிப்போய், "தேத்தண்ணி வெக்கச் சீனியும் இல்லாமப் பெய்த்து" என்று எங்களை வழியனுப்பாத குறையாக வாசலில் நின்றார்.

ஒழுங்கைக்கு வந்ததும் கூட்டாளி என் கையைப் பிடித்து உள்ளங்கையில் விரலால் தட்டிக் காட்டினாள். மூன்று தட்டு. ஒரு இடைவெளி. மறுபடி மூன்று தட்டு. சுவருக்குப் பின்னால் ஆள் இருக்கிறது என்று சைகை செய்தாள்.

சுவருக்குப் பின்னால் இருப்பது நெல்லறை. சன்னல் கிடையாது, எலி வராமல் இருக்க நாலு பக்கமும் சீமெந்து பூசி, கூரைக்குக் கீழே மட்டும் கைநுழையாத அளவு துவாரம் விட்டிருப்பார்கள். எலியாயிருக்கும் என்று நான் சைகை செய்தேன். அவள் என் தோளில் ஒரு அடி வைத்தாள். எலி எண்ணித் தட்டாது என்றாள். றேடியோச் சத்தம் காதுள்ளவர்களுக்காக வைத்தது. அது இவளை ஒன்றும் செய்யவில்லை.

தலைவரிடம் சொன்னபோது அவர் நெற்றியைச் சுருக்கினார். அந்த வீட்டுப் பக்கம் பொழுது பட்டு மஃரிபு நேரத்தில் ஒரு பெண்குரல் ஓதுவது கேட்கிறதென்றும், அது ஜின் என்றும் ஒழுங்கையில் ஏற்கனவே ஒரு பேச்சு இருந்தது. அவர் ஜின்னை நம்புகிறவர் இல்லை. ஆனாலும் காவலுக்கு இருக்கட்டும் என்று, "ஆயத்துல் குர்ஸி ஓதிக்கிட்டுப் போங்க" என்றார்.

நான் பயந்தேன். ஜின்னுக்கு அல்ல. அது ஜின்னாக இல்லாமல் போனால் என்ன செய்வது என்றுதான் பயந்தேன். ஆணத்தின் ருசி தொண்டையில் திரும்பி வந்துகொண்டே இருந்தது.

தகப்பன் குத்தகை வயலிலும் தாய் ஒரு பிள்ளைப்பேற்று வீட்டிலும் இருந்த ஒரு பகல் நேரத்தில் நாங்கள் திரும்பவும் போனோம். இளையவள் தனியே இருந்தாள். கூட்டாளி நேராக உள்ளே போய்ச் சுவரில் மூன்று முறை தட்டினாள். நான் காதை வைத்துக் கேட்டேன். உள்ளேயிருந்து மூன்று தட்டு வந்தது.

இளையவள் தரையில் குந்தி அழத் தொடங்கினாள். "ஆருட்டயும் செல்லிராதீங்க ராத்தா. எனக்கு மாப்பிள்ள பேசி வந்திருக்கு."

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை கலியாணம் முடித்துப் பெண்ணின் வீட்டில் வந்து வாழ்வான். பேச வருகிறவர்கள் பெண்ணை ஒருமுறை பார்த்தால் வீட்டைப் பத்துமுறை பார்ப்பார்கள். கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள், கூரையைத் தட்டிப் பார்ப்பார்கள், குடும்பத்தில் யாருக்கு என்ன குறை என்று நாலு தெரு தள்ளிப்போய் விசாரிப்பார்கள். நடக்க மாட்டாத மூத்த ராத்தா ஒருத்தி வீட்டோடு வருகிறாள் என்று தெரிந்தால் மாப்பிள்ளை வரமாட்டான். அதனால் ஓடிவந்த குழப்பத்தில், நெல்மூட்டைகளுக்கு நடுவில் லொறியில் வந்த மகளை, புது ஊரில் இறக்குமுன்னமே அந்தத் தாய் மவுத்தாக்கிவிட்டார்.

சாவி சுவர் மணிக்கூட்டுக்குப் பின்னால் இருந்தது. இளையவள் எடுத்துக் கதவைத் திறந்தாள்.

சங்கிலியும் சாக்கும் அழுக்கும் பார்க்கப்போகிறேன் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு போனேன். அப்படி எதுவும் இல்லை. நெல் மூட்டைகள் ஒருபுறம். மறுபுறம் துவைத்த விரிப்புப் போட்ட பாய். அதில் என் வயதொத்த ஒரு பெண், தலைக்கு எண்ணெய் வைத்து வாரிப் பின்னி, கண்ணுக்குச் சுறுமா போட்டு, புதுத் துணியோடு உட்கார்ந்திருந்தாள். செத்துப்போனதாகச் சொன்ன மகளுக்குத் தாய் தினமும் சுறுமா போட்டுவிட்டுத்தான் கதவைப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. கொடுமைக்காரியாக இருந்திருந்தால் நான் அவரைத் திட்டித் தீர்த்திருப்பேன்.

நான் ஸலாம் சொன்னேன். அவள் பதில் சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

"இந்தக் கொரல் எனக்குத் தெரியும். ரெண்டு கத்தத்துக்கும் வந்தீங்க. ரெண்டாவது கத்தத்துல இறைச்சிக்கு உப்புக் கூட எண்டு செல்லிச் செல்லித் திண்டீங்க."

நான் கொப்பியை மடியில் இறக்கி வைத்தேன்.

"மெய்தான். கூடத்தான். எனக்கும் ஒரு கோப்ப தந்தாங்க."

தன் கத்தச் சோற்றைத் தானே தின்றவள் அதை உப்புக் கூடியதோடு ஞாபகம் வைத்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் நாங்கள் ஊர்ப் பலாய், ஊர் வம்பு பேசிப் பேசித் தின்றதையெல்லாம் இந்தப் பக்கம் இருந்து கேட்டிருக்கிறாள். ஒழுங்கையில் யாருக்கு யாரோடு கோபம், யாருக்குப் பிள்ளை கிடைத்தது, சங்கம் என்று ஒன்று தொடங்கியது, எல்லாம் அவளுக்குத் தெரியும். எங்கள் எவருக்கும் அவளைத் தெரியாது.

எனக்குக் கோபம் கிளம்பியது. கொப்பியை விரித்தேன். "பேரச் செல்லுங்க. நான் எழுதுறன். நாளைக்கே ஆக்களக் கூட்டிக்கிட்டு வாறன். இவங்க எப்பிடிப் பூட்டி வெக்கிற எண்டு பாப்பம்."

அவள் தங்கையைப் பார்த்தாள். தங்கை வாசலில் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள்.

"இப்ப வேணாம்" என்றாள். "தங்கச்சிட கலியாணம் முடியட்டும். அது வரைக்கும் நான் மவுத்துதான்."

"அப்ப அண்டைக்கு ஏன் தட்டினீங்க?"

"உம்மா ஒங்களுக்கிட்ட என்னய மவுத்து எண்டு செல்லக்குள்ள பொறுக்கேலாமப் பெய்த்து. அவ்வளவுதான்."

நான் எழுதத்தான் போனேன். பேனை பேப்பரைத் தொட்டுவிட்டது. கூட்டாளி கையை நீட்டிக் கொப்பியை மூடினாள். அவள் தன் நெஞ்சைத் தொட்டு, பிறகு அந்தப் பெண்ணின் நெஞ்சைக் காட்டினாள். அவள் பெயர் அவளுடையது. நான் எழுதிய விதி. நானே அதை மீறுவதா? மூடிக்கொண்டு வந்துவிட்டோம். தலைவரும் அது சரிதான் என்றார். கலியாணம் முடிந்ததும் போவோம் என்று பேசிக்கொண்டோம்.

கலியாணம் இரண்டு மாதத்தில் முடிந்தது. மாப்பிள்ளை ஒரு பாடசாலை ஆசிரியர், சத்தமில்லாத மனிதர், தோளில் ஒரு பையோடு வந்து அந்த வீட்டில் குடியேறினார். நெல்லறை பூட்டியபடிதான் இருந்தது. கிணற்றடியில் இளையவளைக் கண்டு ஜாடையாகக் கேட்டேன். "மாப்பிள்ள கொஞ்சம் பழகட்டும் ராத்தா" என்றாள். பிறகு அவள் வயிற்றில் பிள்ளை தங்கியது. "பிள்ள கிடைக்கட்டும்" என்றாள். நான் திரும்பக் கேட்கவில்லை.

சங்க அறைக்குப் போகும் வழி நெல்லறையின் வெளிச்சுவரை ஒட்டித்தான். தினமும் இரண்டு முறை அந்தச் சுவரைக் கடந்தேன். அந்த இடம் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு எட்டி நடப்பேன். கேட்டால், அவளே வேண்டாம் என்றாள், எங்கள் யாப்பு அப்படித்தான் என்று சொல்ல எனக்கு ஒரு பதில் தயாராக இருந்தது. கூட்டாளி மட்டும் அந்தச் சுவர் வந்ததும் உள்ளங்கையை அதில் தேய்த்துக்கொண்டே நடப்பாள். ஒருநாள் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். சுவரில் தட்டு இல்லை என்று அர்த்தம். எனக்கு ஒரு பாரம் இறங்கினது போல இருந்தது. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

மூன்றாவது கத்தம் வந்தது. போகாமல் விட்டால் சந்தேகப்படுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அஸர் தொழுகைக்குப் பிறகு போனேன். முன் மண்டபத்தில் ஆண்கள், வாசல் வழியே அவர்கள் தெரிகிற உள்ளறையில் நாங்கள். நெல்லறைச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்காராமல் எதிர்ப்பக்கமாக உட்கார்ந்தேன். பெரிய வயிற்றோடு இளையவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கூட்டாளி வரவில்லை. அந்த வீட்டில் இனி ஒரு பிடி சோறும் தின்ன மாட்டேன் என்று அவள் முன்னமே சொல்லியிருந்தாள்.

லெப்பை ஓதி முடித்து, கையை ஏந்தித் துஆ கேட்டார். அவள் பெயரைச் சொன்னார். சபை ஆமீன் சொன்னது. அவள் பாவங்களை மன்னிக்கக் கேட்டார். ஆமீன். பிறகு எல்லா மையத்தின் மண்ணறைக்கும் கேட்கிறதைக் கேட்டார். "யா அல்லாஹ், அவவுட கப்ற விசாலமாக்கி வெப்பாயாக. அதுல வெளிச்சத்தத் தருவாயாக."

"ஆமீன்" என்றோம்.

நாங்கள் முடித்த பிறகு, தனியாக, சுவருக்குள்ளிருந்து தெளிவாக ஒரு குரல் வந்தது.

"ஆமீன்."

என் பக்கத்திலிருந்த பெண் என் தொடையை நகம் பதியப் பிடித்தாள். ஒருத்தி கலிமா சொல்லத் தொடங்கினாள். மண்டபத்தில் லெப்பை ஏந்திய கையை இறக்கவும் தெரியாமல் வைத்திருக்கவும் தெரியாமல் இருந்தார். அந்தத் தாய் மட்டும் தலையைக் குனிந்து கும்பத்தில் சோற்றைக் கிளறிக்கொண்டே இருந்தார். அகப்பை கும்பத்தில் படுகிற சத்தம் மட்டும்தான் வீட்டில் கேட்டது.

மாப்பிள்ளை எழும்பினார். பெண்கள் இருக்கிற அறைக்குள் தலையைக் குனிந்துகொண்டு வந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மணிக்கூட்டுக்குப் பின்னால் கையை விட்டுச் சாவியை எடுத்து நெல்லறையைத் திறந்தார்.

அவள் கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் தரையில் ஊன்றி, உடம்பை இழுத்துக்கொண்டு உள்ளறை நடுவுக்கு வந்தாள். பெண்கள் சுவரோடு சுவராக ஒதுங்கினார்கள். வெளிச்சம் கண்ணைக் கூசவைத்திருக்க வேண்டும், முக்காட்டை நெற்றிக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

இளையவள் புருசனைப் பார்த்தாள். "ஒங்களுக்குத் தெரியுமா?"

"கலியாணம் முடிச்ச கிழமையே தெரியும்" என்றார் அவர். "ஆராவது செல்லுவீங்க எண்டு பாத்துக்கிட்டிருந்தன்."

தாயின் கையிலிருந்து அகப்பை விழுந்தது. யாருக்காக அந்த மகளைச் சாகடித்து வைத்திருந்தாரோ அந்த ஆளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தாய் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "நான்தான் செஞ்சன், என்னயக் கேளுங்க, என்ட புள்ளயக் கேக்காதீங்க" என்றார். எந்தப் பிள்ளையைச் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை.

மூத்தவள் மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்தாள். "தெரிஞ்சா ஏன் மச்சான் தொறக்கல்ல?"

"மாமிட மனசு நோகும் எண்டு..." என்று தொடங்கினார் அவர்.

நான் அவசரமாகப் பைக்குள் கையை விட்டுக் கொப்பியை எடுத்தேன். ஏதாவது ஒன்று செய்தால்தான் அங்கே இருக்க முடியும் போல இருந்தது. "இப்ப பேர எழுதட்டுமா?" என்று கேட்டேன். அவள் என் பக்கம் திரும்பினாள். அறையிலிருந்த பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் ஏற்கனவே தெரியும் என்பது அவர்களுக்கு அப்போதுதான் விளங்கியது.

"எழுதுங்க" என்றாள். தன் பெயரைச் சொன்னாள். வாப்பாவின் பெயரைச் சொன்னாள். என் எழுத்து கோணிக்கொண்டு போனது.

"நீங்கதானே வேணாம் எண்டீங்க" என்றேன். யாரும் கேட்காமலே சொன்னேன். "ஒங்கட சொல்ல மீறேலா எண்டுதான்..."

"ஓம். நான்தான் சென்னன். அது அண்டைக்குச் சென்னது."

பிறகு கோபமே இல்லாமல், யாரோ ஒருவரின் பழைய கதையைச் சொல்வது போலச் சொன்னாள்.

"கலியாணம் முடிஞ்ச நாளிலருந்து ஒங்கட இரும்புக் கால் ஒழுங்கையால போற சத்தம் ரெண்டு நேரமும் கேக்கும். இண்டைக்கு நிக்கும் எண்டு நினைப்பன். எங்கட செவர் வந்ததும் நீங்க கெதியா நடப்பீங்க."